ரேடியேட்டரில் போட்ட மஞ்சள் தூள்

இப்போது வண்டியில் ஓர் ஒயரைச் செருகினால் அது தன் வியாதியைத் தானே ஒப்பித்துவிடுகிறது. பணிமனைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். எங்கள் காலத்தில் வண்டி வாய் திறக்காது. டிரைவர்தான் பேசுவார். அவர் சொல்வதில் பாதி கதை, மீதி பயம். அதிலிருந்து நோயைப் பிரித்தெடுப்பதற்குள் நமக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில், தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்களைப் பராமரிக்கிற பணிமனையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தேன். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் சாதனையைத்தான் அளப்பான். என் சாதனைகளை டீக்கடையில் சொல்கிறேன், டீ உங்கள் செலவு. எழுதிக் கொடு என்று கேட்டதால் என் தப்பு ஒன்றை எழுதுகிறேன். இஞ்சின் தண்ணீர் ஒழுகுவது சம்பந்தப்பட்ட தப்பு. இதில் ஒழுங்காக வேலை செய்தவள் மெக்கானிக்கே இல்லாத ஒரு பெண்.

இரண்டாயிரத்து ஐந்தை ஒட்டிய வருஷம். ஒரகடம் பக்கம் வயல்களில் மண் கொட்டி மேடாக்கி, ஷெட் மேல் ஷெட்டாக எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் மேஸ்திரியாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தத் திமிர் என்னிடம் தாராளமாக இருந்தது. ஒரு நாள் ஆரோக்கியம் என்ற டிரைவர் ஒரு விசித்திரமான வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பக்கத்து ஊர் கிறிஸ்தவ சபைக்குச் சொந்தமான பழைய வெளிநாட்டு வேன். ஸ்டீயரிங் இடது பக்கம். உள்ளே ஒரு கட்டில், சின்ன அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் இருந்தன. வெள்ளைக்காரர்கள் குடும்பத்தோடு படுத்து எழுந்து ஊர் சுற்றுவதற்கென்று செய்த வண்டி. அது சபைக்கு எப்படி வந்தது என்று கேட்டால் ஆரோக்கியம் மூன்று கதை சொல்வார், மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டாது.

"இன்னா மேஸ்திரி, இந்த வண்டி தண்ணி குச்சிக்கினே கீது. வேலூர் போயி வர்றதுக்குள்ள ரெண்டு கொடம் ஊத்திட்டேன்" என்றார்.

"கீழ ஒழுகுதா?"

"ஒரு சொட்டு இல்ல. நிறுத்துன எடம் காஞ்சி கெடக்குது."

ரேடியேட்டர், குழாய்கள், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். எங்கேயும் ஈரம் இல்லை. ரேடியேட்டரில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும், ஓடும்போது ஆவியாகப் போகிறது என்று முடிவு கட்டினேன். அதற்கு அந்தக் காலத்தில் எங்களிடம் ஒரு கைமருந்து உண்டு, மஞ்சள் தூள். தண்ணீரோடு சுற்றி வந்து, கீறலில் போய் அடைத்துக்கொள்ளும். வழியில் மாட்டிக்கொண்ட எத்தனையோ லாரிகள் இதை வைத்து ஊர் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஆரோக்கியம் எதிர்க்கடையில் ஒரு பொட்டலம் வாங்கிவந்தார். நானே என் கையால் அள்ளிப் போட்டேன்.

அந்த வண்டியில் யார் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு நோயாளியை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள் என்பது தெரியும். அதற்கு மேல் எனக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஆரோக்கியம் வந்தார். தண்ணீர் குறைவது நிற்கவில்லை. இன்னொரு பொட்டலம் போட்டேன். அடுத்த பயணத்திலும் அதே கதை. இப்போது எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெளியே ஒழுகவில்லை என்றால் உள்ளேதான் போக வேண்டும். இஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு, ஹெட் கேஸ்கட், போயிருக்கிறது, தண்ணீர் இஞ்சினுக்குள் இறங்கி எரிந்து போகிறது என்று அறிவித்தேன். கேஸ்கட் போனால் வெள்ளைப் புகை வர வேண்டும். வரவில்லை. ஆயிலில் தண்ணீர் கலந்து பால் மாதிரி ஆக வேண்டும். ஆகவில்லை. இரண்டும் எனக்கு எதிரான சாட்சி. நான்தான் மேஸ்திரி ஆயிற்றே, இரண்டையும் தள்ளுபடி செய்தேன்.

"ஹெட்டைக் கழட்டணும். இந்த வண்டிக்கு கேஸ்கட் புதுப்பேட்டை பழைய சாமான் கடைங்கள்ல தேடணும். எப்படியும் ரெண்டு மூணு வாரம் ஆவும்" என்றேன்.

ஆரோக்கியத்தின் முகம் விழுந்துவிட்டது. "வர்ற வியாழக்கெழம அந்தப் பையன் வேலூர் போயே ஆவணும் மேஸ்திரி."

"வேற வண்டி பாருங்க."

"பட்துக்கினே போற பையன்யா அவன். வேற எதுல போவான்?"

மாட்டிக்கொண்டால் மேஸ்திரிகள் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஸ்பேனரை எடுத்து வேலை செய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை இஞ்சின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு ஹெட் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். அப்போது கையில் ஒரு கட்டைப்பையோடு ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். பேச்சு தெற்கத்திப் பேச்சு.

"அண்ணாச்சி, நான் ஜெபராஜ் சம்சாரம், எஸ்தர். இந்த வண்டியிலதான் அவுகள கூட்டிட்டுப் போவோம். எங்க தலகாணி உள்ள கெடக்கு. எடுத்துக்கிடுதேன்."

"எடுத்துக்கோம்மா. வண்டி ரெடியாக ரெண்டு வாரத்துக்கு மேல ஆவும்" என்றேன்.

"இனி வண்டி வேண்டாம் அண்ணாச்சி. அவுக வேலூருக்கு வரவே மாட்டேன்னுட்டாக."

தலையணையை எடுத்துப் பையில் வைத்தாள். ஆனால் போகவில்லை. கட்டிலைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று நான்கு முறை யோசித்த குரலில் கேட்டாள்.

"அண்ணாச்சி, இந்த வண்டியில எங்கயாச்சும் மஞ்சத்தூள் இருக்கா?"

நான் நிமிர்ந்தேன். "ஏம்மா கேக்குற?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். ஜெபராஜ் தூத்துக்குடிப் பக்கத்து வெல்டர். ஒரகடத்தில் ஒரு ஷெட்டுக்குக் கூரை போடும்போது தவறி விழுந்து முதுகெலும்பு அடிபட்டுவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மூத்திரத்துக்கு டியூப் போட்டு வைத்திருந்தார்கள். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் வேலூரில் அந்த டியூபை எடுத்துவிட்டு, இத்தனை மணிக்கு இவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும், இத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று பழக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் எல்லாம் சரியாக நடந்தது. வண்டியில் போகும்போது மட்டும் நனைந்தது. போன இரண்டு தடவையும் போர்வை, லுங்கி எல்லாம் மஞ்சளாக நனைந்து கிடந்தது. அவனுக்கோ உணர்ச்சி இல்லை. தான் நனைத்தோமா இல்லையா என்று அவனுக்கே தெரியாது. இப்படியே இருந்தால் வியாழக்கிழமை மறுபடி டியூப் மாட்டிவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சீட்டில் எழுதிவிட்டார். டியூபோடு வாழ்வதற்கு ஊருக்கே போய்ச் செத்துத் தொலைகிறேன் என்கிறான் ஜெபராஜ்.

"சரி, மஞ்சத்தூள் எங்க வந்துச்சு?"

"போர்வைக்கு சோப்பு போட்டேன். போட்டதும் ரத்தமாட்டம் செவந்து போச்சு அண்ணாச்சி. மூத்திரத்துல ரத்தம் வருதுன்னு பயந்துட்டேன். அங்க டெஸ்ட்டு எடுத்துப் பாத்தாக, ரத்தமே இல்லன்னாக. நேத்து அதே போர்வைய வெயில்ல காயப்போட்டேன். சாயங்காலம் பாத்தா கறைய காணோம். குழம்பு கொட்டுன துணிதான் சோப்பு போட்டா செவக்கும், வெயில்ல போட்டா மறையும். மூத்திரம் அப்படிச் செய்யாதுல்லா?"

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். மஞ்சள் தூள் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது எப்படி ரேடியேட்டரிலிருந்து கட்டிலுக்கு ஏறியது என்றுதான் தெரியவில்லை.

வண்டிக்குள் ஏறி மெத்தையைத் தூக்கினேன். மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம் மோசமாக ஊறி மஞ்சள் படிந்திருந்தது. மேலேயிருந்து நனைந்த மெத்தை அப்படி இருக்காது. கட்டில் பலகையில் நீள நீளமாகத் துளை வெட்டியிருந்தார்கள். மெத்தைக்குக் காற்றுப் போவதற்கு என்று நானாக நினைத்திருந்தேன். பலகையைக் கழற்றினால் கீழே ஒரு தகரப்பெட்டி, அதற்குள் குட்டி ரேடியேட்டர் ஒன்று, ஒரு விசிறி. இஞ்சினிலிருந்து தரைக்கு அடியில் ஓடிவந்த இரண்டு ரப்பர் குழாய்கள் அதில் மாட்டியிருந்தன. அடியில் விரித்திருந்த கம்பளம் ஒழுகிய தண்ணீரை எல்லாம் குடித்துவிட்டிருந்தது. அதனால்தான் ரோட்டில் ஒரு சொட்டும் விழவில்லை.

மேல்மூடியைத் திருப்பி மாட்டி, இஞ்சினை ஓடவிட்டேன். சூடேறும்வரை நானும் எஸ்தரும் அந்தக் குழாய்களையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஆரோக்கியமும் வந்து சேர்ந்துகொண்டார். இருபது நிமிஷம் ஆயிற்று. மேல் குழாயில் ஊசி குத்தினது போன்ற ஒரு ஓட்டையிலிருந்து மஞ்சள் தண்ணீர் மெல்லிசாக மேலே பீச்சியது. ஜெபராஜின் இடுப்பு எங்கே இருக்குமோ அதே இடத்துக்கு நேர் கீழே.

"இன்னா மேஸ்திரி இது?" என்றார் ஆரோக்கியம்.

"ஹீட்டர். குளிர் ஊர்ல தூங்கும்போது கட்டில் சூடா இருக்கிறதுக்கு இஞ்சின் சுடுதண்ணியைப் பின்னால கொண்டாந்திருக்கான்."

"இந்த வெயில்ல எவனுக்குய்யா ஹீட்டரு?"

அதே கேள்விதான் என்னைக் கவிழ்த்தது, தம்பிகளே. இஞ்சின் சீக்கிரம் சூடேறுவதற்காக வைக்கிற தெர்மோஸ்டாட் வால்வைக்கூட நம்ம ஊருக்கு இது எதற்கு என்று கழற்றி வீசுகிற ஆட்கள் நாங்கள். வண்டிக்குள் ஒருவன் வேண்டுமென்றே சூட்டைக் கொண்டுவருவான் என்று எனக்குக் கனவில்கூடத் தோன்றாது. நம்ம ஊர் வெயிலை வைத்தே எல்லா வண்டியையும் அளந்துவிட்டேன்.

எஸ்தர் ஓட்டையில் கையை வைக்கப் போனாள். சுடும் என்று தடுத்தேன். தடுத்தபிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குழாய் ஒரு விரல் அகலத்துக்குக் கிழிந்திருந்தால் கொதிக்கிற தண்ணீர் முழுவதும் அந்தப் பையனின் கால்மேல் கொட்டியிருக்கும். அவனுக்குத் தெரிந்தே இருக்காது. வேலூர் போய் இறக்கும்போதுதான் பார்த்திருப்பார்கள். அந்த ஓட்டையை அடைக்கிறேன் என்று மஞ்சள் தூள் போட்டு, ஒன்றும் செய்யாத ஆளைக் குற்றவாளி ஆக்கியதும் நான்தான்.

எஸ்தர் அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "வேலூர் போறதுக்கு முந்தின நாள் மத்தியானத்துல இருந்தே தண்ணி குடிக்க மாட்டேங்காக அண்ணாச்சி. உதடு வெடிச்சிருக்கும். ஒரு மொடக்கு குடிங்கன்னு நான் கெஞ்சுவேன். அப்பவும் நனைஞ்சிரும்" என்று சொல்லி அழுதாள்.

'தண்ணீர் ஒழுகுதா' என்று ஆரோக்கியத்திடம் நான் எத்தனை முறை கேட்டேன்! உள்ளே படுத்திருந்தவனிடம் ஒரு முறை கேட்கவில்லை. அவளும் தானாக வந்து சொல்லமாட்டாள். புருஷன் படுக்கை நனைந்ததை எந்தப் பெண் மெக்கானிக்கிடம் வந்து சொல்வாள்? வண்டி சம்பந்தப்பட்ட செய்தி ஒன்று, வண்டி சம்பந்தப்பட்டது என்றே தெரியாமல் யாரோ ஒருவரின் மானத்துக்குள் ஒளிந்து கிடக்கும். ஓட்டுகிறவரை மட்டும் விசாரித்தால் அது வெளியே வராது. உட்கார்ந்து வருகிறவர், படுத்து வருகிறவர் எல்லோரிடமும், அவர்கள் கூசாத விதமாகக் கேளுங்கள்.

வேலை பத்து நிமிஷம்தான். இரண்டு குழாய்களையும் இஞ்சின் பக்கத்திலேயே வெட்டி ஒன்றோடொன்று சேர்த்துக் கிளிப் போட்டேன். பின்பக்கம் தண்ணீர் போகும் வழியே அடைபட்டது.

செய்தியை எஸ்தரிடமே சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. வெட்டிய குழாய்த் துண்டை எடுத்துக்கொண்டு அவளோடு வல்லக்கோட்டையில் அவர்கள் வாடகைக்கு இருந்த அறைக்குப் போனேன். ஜெபராஜ் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தான். தோள் இன்னும் வெல்டர் தோளாகவே இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் திரும்பவே இல்லை.

"என் மனசு தேறட்டும்னு இவ சொல்லிக் கூட்டியாந்தாளா?" என்றான்.

குழாயை அவன் கையில் கொடுத்தேன். தொழில்காரன் ஆயிற்றே, சும்மா வைத்திருக்க முடியுமா? புரட்டிப் பார்த்தான். ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு மறுமுனையில் வாயை வைத்து ஊதினான். ஓட்டையைக் கன்னத்துக்கு நேராகத் திருப்பி, மறுபடி ஊதினான். கன்னத்தில் காற்றுப் பட்டிருக்கும். மூன்றாவது முறையும் ஊதினான்.

"மஞ்சத்தூள் போட்டது யாரு?"

"நான்தான். தப்பு என்னுதுப்பா. மன்னிச்சிடு."

அவன் என்னை முறைத்துப் பார்த்தான். "ஒரு மாசமா இவ மொகத்த நான் ஏறெடுத்துப் பாக்கல, அண்ணாச்சி" என்றான். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிட்டான். "வியாழக்கிழம வாரேன். டாக்டர் சொன்ன அளவுக்குத் தண்ணி குடிச்சிட்டுத்தான் வருவேன். அப்பவும் நனைஞ்சா?"

எஸ்தர் என்னைப் பார்த்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லுங்கள் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. நனையாது, நான் பொறுப்பு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. போதும், நான் உறுதி சொன்னதெல்லாம். "நனைஞ்சா அது நீதான். வண்டியா இருக்காது" என்றேன். அவன் தலையை ஆட்டினான்.

வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். புது மெத்தை போட்டு, அதன்மேல் என் வெள்ளை வேட்டியை விரித்தோம். மஞ்சள் பட்டால் தெரிய வேண்டும் என்று ஜெபராஜ்தான் வெள்ளையாகக் கேட்டான். ஆரோக்கியம் தேர் ஓட்டுவதுபோல் ஓட்டினார். சுங்குவார்சத்திரம் தாண்டி நிறுத்தி எஸ்தர் அவனுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. வாலாஜாவில் நேரப்படி அவனை மூத்திரம் போக வைத்தாள். அப்போதும் காய்ந்திருந்தது. ஹெட்டை இறக்கி ஏற்றும்போதுகூட நான் அவ்வளவு வேர்த்ததில்லை. நின்ற இடத்திலெல்லாம் துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் இம்மிகூடக் குறையவில்லை.

வேலூரில் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, கடைசியாகப் பார்த்தாள். கையை வெளியே எடுக்காமல் அப்படியே இருந்தாள். வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

நான் மெத்தைக்கு அடியில் கையை விட்டேன். பலகை உலர்ந்து கிடந்தது. அப்படியென்றால் இது வண்டியின் வேலை இல்லை. ஜெபராஜ் வேட்டியின் அந்த ஓரத்தை இழுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அவன் உடைந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் அந்த ஓரத்தை மடித்துச் செருகிவிட்டு, "இறக்குங்க" என்றான்.

டாக்டர் பழைய சீட்டைப் பார்த்தபடியே எஸ்தரிடம் கேட்டார். "இந்தத் தடவை வழியில் எத்தனை முறை?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஜெபராஜ் பதில் சொன்னான். அவ்வளவு உரக்க அவன் பேசி நான் கேட்டதில்லை.

"ஒரு தடவ, டாக்டர். கொஞ்சம்தான். இது என்னோடது. போன ரெண்டு தடவையும் வண்டியோடது."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இவர் யாரு?"

"வண்டிக்கு மஞ்சத்தூள் போட்டவரு" என்றான் ஜெபராஜ்.

அத்தனை பேர் காத்திருந்த அறையில் நின்றுகொண்டு, ஹீட்டர், குழாய், ஓட்டை, மஞ்சள் தூள் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. டாக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மூன்று மணி நேரப் பயணத்தில் கொஞ்சம்தான் என்றால் அது தேர்ச்சி என்றார். பிறகு பேனாவை எடுத்து, டியூப் மாட்ட வேண்டும் என்று எழுதியிருந்த வரியைக் குறுக்கே அடித்தார்.

ஜெபராஜ் அந்தச் சீட்டைக் கையில் வாங்கி, அடித்த கோட்டை விரலால் தடவினான். பிறகு தலையை உயர்த்தி எஸ்தரின் முகத்தைப் பார்த்தான். நான் வெளியே வந்து, வண்டி மறைவில் நின்று அழுதேன்.